டீத்தூள், வர்க்கி, தைலம்: மலைச் சரக்கைக் கடைக்கு அனுப்ப நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி பக்கம் சின்ன உற்பத்தியாளர்களுக்குப் பேக்கிங், லேபிள், கடை ஏற்பாடு என்று கூடமாட உதவி செய்து கொண்டிருக்கிறேன். போனில் வரும் கேள்விகளில் முக்கால்வாசி திரும்பத் திரும்ப வருபவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைக்கிறேன்.

எஃப்எம்சிஜி என்று பெரிய கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்களே, நாங்கள் எட்டுப் பெண்கள் சேர்ந்து போடும் டீத்தூளும் அதில் சேருமா?

சேரும். வாங்கி, சீக்கிரம் தீர்ந்து, மறுபடி வாங்கும் சரக்கு எல்லாமே அதுதான். சோப்பு, பிஸ்கட், டீத்தூள், தைலம், எல்லாம். ஒரு பாக்கெட்டில் கிடைப்பது கொஞ்சம், ஆனால் பாக்கெட் வேகமாக ஓட வேண்டும். ஓடாமல் அலமாரியில் உட்கார்ந்தால் அங்கேயே கெட்டுப் போகும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியிலிருந்து கிளைத்தவைதான்.

சப்ளை செயின் என்பதை நம்ம ஊர் டீயை வைத்தே சொல்ல முடியுமா?

தாராளமாக. கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவர் பச்சை இலை பறிக்கிறார். லீஃப் ஏஜென்ட் வண்டி ரோட்டோரம் வந்து எடை போட்டு எடுத்துப் போகிறது. பேக்டரியில் இலையை வாட்டி, சிடிசி ரோலரில் நசுக்கி, புளிக்க விட்டு, டிரையரில் காய வைத்து, சல்லடையில் தரம் பிரித்து மூட்டை கட்டுகிறார்கள். அப்புறம் குன்னூர் ஏலம். அங்கே வாங்குபவர் வேறு ஊர்த் தூளோடு கலந்து, பாக்கெட் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக உங்கள் தெருக் கடைக்கு அனுப்புகிறார். கோத்தகிரி இலை இப்படிச் சுற்றிவிட்டு வேறு பெயரில் கோத்தகிரிக் கடைக்கே திரும்பி வருவதும் உண்டு, அதைக் காசு கொடுத்து வாங்குவதும் நாம்தான்.

இதற்கு இணையாக இன்னொரு வழியும் இருக்கிறது. சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் 16, அவற்றுக்கு மேலே 1965-ல் தொடங்கிய இன்ட்கோசர்வ் கூட்டமைப்பு. ரேஷன் கடையில் விற்கும் ஊட்டி டீ அந்த வழியாக வருவது. நீங்கள் எட்டுப் பேர் பேக்டரி கட்டப் போவதில்லை. எந்த பேக்டரியில் தூள் வாங்கப் போகிறீர்கள் என்பதுதான் உங்கள் சப்ளை செயினின் முதல் முடிவு.

இலைக்காரருக்கு என்ன கிடைக்கிறது? அதற்கும் நிலைத்த தயாரிப்புக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். நிலைத்த தயாரிப்பு என்றால் மண்ணையும் ஆட்களையும் கெடுக்காமல் தொடர்ந்து செய்ய முடிகிற தயாரிப்பு. பச்சை இலை நாலு முதல் நாலரை கிலோ போட்டால் ஒரு கிலோ தூள் வரும். ஏலத்தில் கிடைக்கும் விலையை 65-க்கு 35 என்று இலைக்காரரும் பேக்டரியும் பங்கிட வேண்டும் என்பது தேயிலை வாரியத்தின் கணக்கு. இதை வைத்துத்தான் மாதாமாதம் இலைக்குக் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறார்கள். கணக்குப் புரிவதற்காக, ஏலத்தில் கிலோ 100 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். 65 ரூபாயை நாலு கிலோவுக்கோ நாலரை கிலோவுக்கோ வகுத்தால் இலைக்குப் பதினாலு முதல் பதினாறு ரூபாய். இதிலேதான் பறி கூலி, உரம், கவ்வாத்து எல்லாம்.

விலை இறங்கினால் என்ன ஆகும்? கையால் இரண்டு இலை ஒரு கொழுந்து என்று பறிக்கக் கட்டுப்படியாகாது. கத்தரி வைத்து முற்றின இலை, காம்பு எல்லாம் சேர்த்து வெட்டுவார்கள். தூள் தரம் இறங்கும், ஏல விலை இன்னும் இறங்கும், இலைக்காரருக்கு இன்னும் குறையும். இந்தச் சுழலில் மாட்டிய தோட்டத்தில் யாரும் மண்ணைப் பார்த்துக் கொள்ள மாட்டார்கள், மலைச்சரிவில் மண் ஓடும், கடைசியில் தோட்டத்தையே ரிசார்ட்டுக்கு விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போவார்கள். அதனால் உங்கள் தயாரிப்பு மலைக்கு நல்லதா என்று யாராவது கேட்டால், நான் முதலில் பார்ப்பது போன மாதம் இலைக்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்று. கவரைப் பிறகு பார்க்கலாம்.

நிலைத்த தயாரிப்பு என்றால் மக்கும் கவர் போடுவதுதானே?

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். முதல் சரக்கை உள்ளே எந்த உறையும் இல்லாத பழுப்புக் காகிதப் பையில் போட்டு, சணல் கயிறு கட்டி, கையால் முத்திரை குத்தினோம். பார்க்க அவ்வளவு அழகு, எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். ஜூன் மாதம் 100 கிராம் பாக்கெட் இருநூறு அனுப்பினோம். ஆகஸ்டில் கோயம்புத்தூர் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார்: "ஏங்க, உங்க டீ சோப்பு வாசம் அடிக்குதுங்க. கஸ்டமரு திருப்பிக் குடுக்கறாங்க." பக்கத்து அலமாரியில் சோப்பு அடுக்கியிருந்திருக்கிறார். டீத்தூள் ஈரத்தை மட்டுமில்லை, எந்த வாசனையையும் இழுத்து வைத்துக் கொள்ளும். ஊட்டிக் கடையில் வைத்தது இன்னும் மோசம், மழைக்குக் கட்டி தட்டிப் போயிருந்தது.

திரும்பி வந்தது 140 பாக்கெட், அதாவது பதினாலு கிலோ தூள், அதாவது அறுபது கிலோவை ஒட்டிய பச்சை இலை. ஒரு அக்கா இரண்டு மூன்று நாள் சரிவில் நின்று பறித்த இலை, அதை வாட்டிக் காய வைக்க எரித்த விறகு, ஏற்றி இறக்கிய டீசல், எல்லாம் குழிக்குள் போயிற்று. கவர் மட்டும் நன்றாக மக்கியது.

அன்றைக்கு மண்டையில் ஏறிய விஷயம் இது: கெட்டுப்போன சரக்குதான் எல்லாவற்றையும் விடப் பெரிய குப்பை. அதற்கு முன்னால் செலவான அத்தனையும் அதோடு சேர்ந்து வீணாகிறது.

சரி, அப்படியானால் எந்தக் கவர்தான் போடுவது?

டிரையரிலிருந்து வரும்போது தூளில் ஈரம் மூன்று சதவீத அளவில் இருக்கும். ஆறு, ஏழைத் தாண்டினால் ருசி படுத்துவிடும். ஈரத்தை வெளியே நிறுத்துவதுதான் கவரின் வேலை. அதில் மிகக் கெட்டிக்காரன் உள்ளே வெள்ளி மாதிரி பளபளக்கும் பல அடுக்குக் கவர். ஆனால் அடுக்குகளைப் பிரிக்க முடியாது, அதனால் மறுசுழற்சிக்கு யாரும் எடுக்க மாட்டார்கள், குப்பை பொறுக்குபவர் கூடக் குனிய மாட்டார். ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் கொஞ்சம் தடிமனாகச் செய்த கவர் ஈரத்தை அந்த அளவுக்குத் தடுக்காது, ஆனால் எடைக்குப் போட்டால் விலை போகும். தகர டப்பா அருமை, விலைதான் ஏறும். வெளியே காகிதம் உள்ளே பிளாஸ்டிக் ஒட்டிய கவர் இருக்கிறதே, அதை மட்டும் வாங்கி விடாதீர்கள். பார்வைக்குக் காகிதம், காகித ஆலையும் எடுக்காது, பிளாஸ்டிக் ஆலையும் எடுக்காது.

நான் சொல்வது ஒரே வகைப் பிளாஸ்டிக், 250 கிராமுக்குக் குறையாத பாக்கெட், மூன்று மாதத்துக்குள் விற்கக்கூடிய அளவு மட்டும் உற்பத்தி. பாக்கெட் பெரிதானால் ஒரு கிராம் தூளுக்குச் செலவாகும் பிளாஸ்டிக் குறையும். விற்பனை வேகமாக இருந்தால் கவர் வீரனாக இருக்க வேண்டியதில்லை. டீக்கடைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் கவரே வேண்டாம், ஐந்து கிலோ டின்னில் கொடுத்து அடுத்த முறை காலி டின்னை எடுத்து வாருங்கள்.

மக்கும் பிளாஸ்டிக் என்று ஒன்று விற்கிறார்களே?

இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் இருந்தால்தான் அப்படிச் சொல்லி விற்கலாம். ஆனால் அது மக்குவது சூடு, ஈரம் எல்லாம் அளவாக வைத்திருக்கும் உர ஆலையில். ஜனவரியில் புல்மேல் உறைபனி படியும் ஊரில், வீட்டுப் பின்னால் குழி தோண்டிப் போட்டால் அது பாட்டுக்கு அப்படியே கிடக்கும். மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கோடு கலந்தால் அதையும் கெடுக்கும். உர ஆலை பக்கத்தில் இல்லாதவரை எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் சாஷேதானே ஓடுகிறது? நாங்களும் போடக்கூடாதா?

ஓடும், மறுக்கவில்லை. சாஷே நம்ம ஊர்ச் சரக்குதான். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பொட்டலமாகப் போட்டு, பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கும் கொண்டு சேர்த்தார். அதில் இருந்த நியாயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன், தினக்கூலி வாங்குபவருக்குத் தினப்படிதான் வாங்க முடியும். ஆனால் இந்த மலையில் ஓடையோரம் குனிந்து பார்த்தால் அதிகம் கண்ணில் படுவதும் அதுதான். திரும்ப எடுக்கவும் முடியாது, எடுத்தாலும் எடையில் ஒன்றும் வராது. சின்ன அளவில் வாங்குபவருக்கு விற்க வேண்டும் என்றால் கடையில் டின் வைத்து அளந்து கொடுங்கள். பழைய பலசரக்குக் கடை முறைதான், தாத்தா காலத்து ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை.

காலி பாட்டில், டின்னை எல்லாம் மக்கள் திருப்பிக் கொடுப்பார்களா? நடக்கிற காரியமா?

டாஸ்மாக்கைப் பாருங்கள். காட்டில் உடைந்து கிடக்கும் மது பாட்டில் துண்டுகள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே 15 முதல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தரும் முறை வந்தது. தள்ளாடிக்கொண்டு போகிறவரே பாட்டிலை மறக்காமல் கொண்டு வந்து கொடுக்கிறார், அவர் போட்டு விட்டுப் போனாலும் வேறு ஒருவர் பத்து ரூபாய்க்காகப் பொறுக்கி வருகிறார். அப்புறம்தான் மற்ற மாவட்டங்களுக்கும் இந்த முறை போனது. பத்து ரூபாய் செய்த வேலையை இத்தனை வருட அறிவிப்புப் பலகைகள் செய்யவில்லை.

தேன், தைலம், ஊறுகாய் என்று கண்ணாடியில் விற்பவர்கள் இதை அப்படியே எடுத்துக் கொள்ளலாம். முன்பணம் கொஞ்சம் வலிக்கிற அளவில் இருக்க வேண்டும், திருப்பித் தரும் இடம் வாங்கிய கடையாகவே இருக்க வேண்டும், இரண்டும் முக்கியம். சுற்றுலாப் பயணியிடம் மட்டும் இது பலிக்காது. அவர் பாட்டிலோடு சென்னை போய்ச் சேர்ந்திருப்பார்.

பிளாஸ்டிக் பொறுப்பு விதி என்று ஏதோ பதிவு செய்யச் சொல்கிறார்களாமே, எங்களுக்கும் உண்டா?

2022 பிப்ரவரியில் வந்த திருத்தப்படி, பாக்கெட்டில் பெயர் போட்டு விற்கும் கம்பெனி அந்தப் பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யக் கணக்குக் காட்ட வேண்டும். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்த பிராண்டுக்கு அந்தப் பொறுப்பில் விலக்கு இருக்கிறது. எட்டுப் பேர் குழு அதற்குள் வந்துவிடும், பயப்பட வேண்டாம். பெரிய கம்பெனிகளுக்கு 2025-26 முதல் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் 30 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் சேர்க்க வேண்டும் என்ற இலக்கும் வைத்திருக்கிறார்கள். உள்ளூர்த் தடைகள் தனி. நீலகிரியில் கேரிபேக் தடை மாநிலத் தடைக்கு ரொம்ப முந்தியது, தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு. கவர் அச்சடிப்பதற்கு முன்னால் நகராட்சி ஆபீசில் மாதிரியைக் காட்டிக் கேட்டு விடுங்கள், பத்தாயிரம் கவர் அடித்த பிறகு அல்ல.

கவரை விட்டால் வேறு எங்கே பார்க்க வேண்டும்?

அடுப்பில். பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரை வெளியேற்ற எரிவது பெரும்பாலும் விறகு. அது எங்கே வெட்டியது, நட்டு வளர்த்த கற்பூர மரமா (யூகலிப்டஸ்), சீகையா (வாட்டில் மரம்), வேறு எங்கிருந்தாவது வந்ததா, டிரையர் பழசா புதுசா என்று பேக்டரியில் கேளுங்கள். முதல் தடவை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இரண்டாவது தடவை பதில் சொல்வார்கள்.

இன்னொரு அடுப்பு வாங்குபவர் வீட்டில் இருக்கிறது. ஒரு கப் டீயின் கார்பன் கணக்கைப் போட்டால் தண்ணீர் கொதிக்க வைப்பதும் பாலும்தான் பெரும்பங்கு, உங்கள் கவர் அதில் சுண்டைக்காய். அப்படியானால் சீக்கிரம் சாறு இறங்கும் தூளைக் கொடுப்பதும், "இரண்டு நிமிடம் போதும், மூடி வைத்துக் கொதிக்க விடுங்கள்" என்று பாக்கெட்டில் எழுதுவதும் கூடத் தயாரிப்பு வடிவமைப்புதான். கேஸ் மிச்சம் என்று சொன்னால் வீட்டில் கேட்பார்கள், பூமி என்று சொன்னால் கொட்டாவி விடுவார்கள்.

தைலம் காய்ச்சி விற்கிறோம். அது முழுக்க இயற்கைதானே?

யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து 1843 வாக்கில் வந்தது, ஆனால் இத்தனை நாளில் சொந்தக்காரர் ஆகிவிட்டது, விடுங்கள். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோவை ஒட்டித்தான் தைலம் இறங்கும், அதற்கு மணிக்கணக்கில் தீ எரிய வேண்டும். சாறு போன சருகை உலர்த்தி அதையே அடுப்பில் போடுபவர்கள் கெட்டிக்காரர்கள். தீக்கு மரம் வெட்டினால் இயற்கை என்ற வார்த்தையைக் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். மலிவுப் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், தைலம் சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். நிறக் கண்ணாடி பாட்டில்தான் சரி.

வர்க்கி?

டீயோடு கடிக்கும் அந்த மொறுமொறு பிஸ்கட்டுக்கு, ஊட்டி வர்க்கிக்கு, 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் மைதா சமவெளியிலிருந்து, சர்க்கரை சமவெளியிலிருந்து, கொழுப்பில் இருக்கும் பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. ஊட்டியுடையது விறகடுப்பும் குளிரும் கைப்பக்குவமும்தான். சப்ளை செயின் என்றால் மேட்டுப்பாளையம் வரை பார்த்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் விதி, வாங்கும் டின்னில் பார்த்து வாங்குங்கள். நியூஸ்பேப்பரில் கட்டிக் கொடுக்கக் கூடாது. நமத்துப் போவதுதான் இதற்கு எமன், டீத்தூளுக்குச் சொன்னது எல்லாம் இதற்கும்.

ஒரே இடத்திலிருந்து சரக்கு எடுத்தால் தரம் ஒரே மாதிரி இருக்குமே?

இருக்கும், அந்த இடத்துக்கு ஒன்றும் ஆகாத வரை. பழனி மலைப் பக்கம் விருப்பாட்சி வாழைக்கு நடந்ததைக் கேளுங்கள். பஞ்சாமிர்தத்துக்கு அந்தப் பழம்தான் உயிர், நீர்ச்சத்து குறைவு, அதனால் தண்ணீர் சேர்க்காத பஞ்சாமிர்தம் கெடாமல் நிற்கும். அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் வந்து மலை மலையாக வாழையை அழித்தது. திசு வளர்ப்புக் கன்றுகளை வைத்துத்தான் மீட்க ஆரம்பித்தார்கள். நம்ம பக்கம் நோய்க்குப் பதில் உறைபனி, மண்சரிவு. ஒரு இரவு பனியில் பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலை கருகும், குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் ரோடு சரிந்தால் லாரி கோத்தகிரி வழியாகச் சுற்றும். இரண்டு உயரங்களில், இரண்டு ஊர்களில் இலை வாங்குங்கள். அக்டோபர் கடைசிக்குள் கீழே ஒரு மாதச் சரக்கு இறக்கி வையுங்கள்.

பெரிய கம்பெனிகளிடம் சர்டிபிகேட் எல்லாம் இருக்கிறது. எங்களுக்கும் தேவையா?

டீக்கு 2013 முதல் ட்ரஸ்டீ (trustea) என்ற இந்திய நிலைத்த தயாரிப்புச் சான்று இருக்கிறது, பெரிய கம்பெனிக்குத் தூள் போகும் பேக்டரிகள் எடுக்கின்றன. கெட்டது இல்லை. ஆனால் சர்டிபிகேட்டும் கண்ணும் இரண்டும் வேண்டும். கொடைக்கானலில் நடந்தது நினைவிருக்கும். 1980-களில் அமெரிக்காவிலிருந்து இடம் மாறி வந்த தெர்மாமீட்டர் ஆலை, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001-ல் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டைகள் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பும் வெளியே கொண்டு வந்தார்கள். ஆலை மூடியது, 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது, முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆயிற்று. உலகத்துக்கே சோப்பு விற்கும் கம்பெனி, மாட்டிய இடம் பழைய சாமான் கடை. உங்கள் தயாரிப்பிலிருந்து வெளியேறும் சாக்கு, டப்பா, கழிவுத்தூள் யார் கையில் போகிறது என்று ஒரு தடவை பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

பாக்கெட்டில் "இயற்கை", "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று போடலாமா?

ஆதாரம் இருந்தால். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பொய்ப் பசுமை விளம்பரங்களுக்கு வழிகாட்டுதல் போட்டது, பொத்தாம் பொதுவாகச் சொல்லக் கூடாது, எதனால் என்று விளக்க வேண்டும். "ஆர்கானிக்" என்றால் அதற்கு முறையான சான்று வேண்டும், பக்கத்துத் தோட்டக்காரர் மருந்து அடிக்கவில்லை என்று வாயால் சொன்னது செல்லாது. எனக்குப் பிடித்த லேபிள் எண்கள் போட்டது: இலை எந்த ஊர், எந்த மாதம் பறித்தது, கிலோவுக்கு இலைக்காரருக்கு எவ்வளவு. இதைப் போடத் தயங்குகிற குழுவில் ஏன் தயக்கம் என்று முதலில் பேசி முடியுங்கள்.

முதல் சரக்கு எவ்வளவு போடலாம்?

இருபது கிலோ. அதில் இருபது பாக்கெட்டை விற்காதீர்கள். பத்தை ஊட்டியில் ஜன்னலோரம், பத்தைத் திருப்பூரில் தெரிந்தவர் வீட்டு அடுக்களையில், வேண்டுமென்றே சோப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். வைக்கும்போது ஒவ்வொன்றையும் நகைக்கடைத் தராசில் எடை போட்டுக் கவர் மேலேயே எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு இடத்திலும் ஒவ்வொன்று எடுத்து மறுபடி எடை போடுங்கள், கூடியிருந்தால் ஈரம் ஏறுகிறது. பிரித்து முகர்ந்து, டீ போட்டுக் குடியுங்கள். ஜூலையில் ஆரம்பித்தால் நவம்பருக்குள் தெரிந்துவிடும். கவர் ஆர்டர் அதற்கப்புறம்.